பயணத்தில் கலையும் லேஸ் பாபின்கள்: அறிகுறி கண்டு சரிசெய்யும் வழிமுறை

பாபின் லேஸ் என்பது, கெட்டியான ஒரு தலையணைமேல் மாதிரியைத் துளைகளால் குறித்த ஊசித்துளை அட்டையைப் பரப்பி, குண்டூசிகளைக் குத்தி, பாபின் எனப்படும் சிறு குச்சிகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாகப் பின்னிச் செய்வது. முப்பது ஜோடி பாபின்களைத் தொங்கவிட்டு இரண்டு வாரமாகப் பின்னிய லேஸை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் குலைத்துவிடும். வீட்டில் தலையணையின் மேல் விசிறிபோல் விரிந்து கிடந்த அதே பாபின்கள், பையைத் திறக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நூல் அவிழ்ந்து, எது எந்த ஜோடி என்று தெரியாமல் கிடக்கும். இதைத் தம் கவனக்குறைவு என்று எண்ணிப் பலரும் தம்மையே நொந்துகொள்கிறார்கள். என் அனுபவத்தில் காரணம் வேறு. தலையணையின் மேல் பாபின்களை ஒழுங்கில் நிறுத்தி வைத்திருப்பது அவற்றின் எடை. ஒவ்வொரு பாபினும் தன் நூலைச் சற்றே இழுத்துக்கொண்டிருப்பதால்தான் நூல் தானாக அவிழாதிருக்கப் பாபினின் கழுத்தில் போட்ட சுருக்கு இறுகி நிற்கிறது. நூல் குண்டூசியை ஒட்டி நிற்கிறது. பக்கத்துப் பாபின் தன் இடத்தை விட்டு நகராமல் இருக்கிறது. தலையணையைத் தூக்கிச் சாய்த்ததும் அந்த இழுவை போய்விடுகிறது. ஆகவே பயணக் கோளாறு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எடை செய்துகொண்டிருந்த வேலையை இப்போது எது செய்கிறது?

பாகங்களின் பெயர்களை ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வோம். பாபினின் மேல்நுனியில் உள்ள சிறு குமிழைத் தலை என்றும், நூல் சுற்றும் ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்றும், கையில் பிடிக்கும் நீண்ட பகுதியைத் தண்டு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் வட்டாரப் பாபின்களின் அடியில், கம்பியில் கோத்த கண்ணாடி மணிகள் ஒரு வளையமாகத் தொங்கும். மெல்லிய பாபினுக்கு எடை கூட்டுவதும், அது தலையணையில் உருளாமல் தடுப்பதும் இந்த மணிவளையத்தின் வேலை. டெவன் பகுதியின் ஹோனிட்டன் பாபினுக்கு வளையம் கிடையாது. ஏற்கெனவே பின்னிய பகுதியோடு புதிய பகுதியை இணைக்கும்போது, நூலில் இழுத்தெடுத்த சிறு கண்ணி வழியே பாபினையே நுழைக்க வேண்டியிருப்பதால், அது வழவழப்பாகவும் அடியில் கூராகவும் இருக்கும். பெல்ஜிய வகைப் பாபினுக்கு அடிப்பகுதியில் குமிழ்போன்ற பருமன் உண்டு. இந்த வேறுபாடுகளுக்கு ஏற்பப் பொதியும் முறையும் மாறும். மணிவளையப் பாபினுக்குச் சொன்ன உபாயத்தை ஹோனிட்டன் பாபினுக்குச் செய்து பார்த்து ஏமாந்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருத்தி.

அறிகுறி: நூல் தானாக அவிழ்ந்து, சில பாபின்கள் மட்டும் நீளமாகத் தொங்குகின்றன

பொதியைக் குறை சொல்லும் முன் சுருக்கைச் சோதிக்க வேண்டும். அவிழ்ந்த பாபின் ஒன்றை எடுத்து நூலை மீண்டும் சுற்றி, கழுத்தில் சுருக்குப் போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பாபின் கீழிறங்காமல் நிற்க வேண்டும். அடுத்து, பாபினைப் படுக்கைவசமாக, நூலுக்குக் குறுக்காகப் பிடித்து மெல்ல உருட்டுங்கள். நூல் தடையின்றி நீள வேண்டும். தொங்கும்போதே வழுக்கினால் சுருக்கு பிழை. உருட்டியும் நீளாவிட்டால், கழுத்தில் சுற்றிய நூல் சுருக்கின்மேல் ஏறி அதை நெரித்துக்கொண்டிருக்கிறது.

தொங்கும்போதே வழுக்குவதற்கு, பெரும்பாலும் கண்ணியைத் திருகிய திசை மாறிப்போனதுதான் காரணமாக இருக்கும். நூலை விரலில் வளைத்து, ஒரு திருகு திருகித் தலையில் மாட்டும்போது, அந்தத் திருகு தவறான பக்கம் விழுந்தால் கண்ணி பூட்டிக்கொள்ளாமல் வெறும் சுற்றாகவே நின்றுவிடும். எல்லாப் பாபின்களிலும் நூலை ஒரே திசையில் சுற்றும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை அரிதாகவே நேரும்; சிலவற்றை இடமாகவும் சிலவற்றை வலமாகவும் சுற்றுகிறவருக்குக் கையே குழம்பிவிடும். பட்டுநூலானால் திருகு சரியாக இருந்தும் வழுக்கும். அதற்கு ஒரு சுருக்கோடு நிற்காமல் இரண்டு, தேவைப்பட்டால் மூன்று போட வேண்டும். கழுத்து நிரம்பி வழியும் அளவுக்கு நூல் சுற்றிய பாபினும் இதே அறிகுறியைக் காட்டும். அதில் சுருக்கு உட்காரப் பள்ளமே இருக்காது. நூலைக் குறைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

வீட்டில் ஒழுங்காக நிற்கும் சுருக்கு பயணத்தில் மட்டும் அவிழ்ந்தால், அது இழுவை போனதன் விளைவு. நூல் தொய்ந்தவுடன் கண்ணி அகலும். வண்டி குலுங்கக் குலுங்கக் கண்ணி தலையைத் தாண்டிக் கழன்றுவிடும். கிளம்பும் முன் ஒவ்வொரு பாபினுக்கும் கூடுதலாக ஒரு சுருக்குப் போட்டு, போய்ச் சேர்ந்தபின் குண்டூசி முனையால் அதைத் தூக்கிக் கழற்றிவிடலாம். அறுபது பாபின்களுக்கு இதைச் செய்வது சலிப்பான வேலை என்பதை மறுக்கவில்லை. சலிப்பைத் தவிர்க்க விரும்புகிறவர்கள், குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவை இரண்டரை சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, நூல் சுற்றிய கழுத்தின்மேல் உறைபோல் மாட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியின் எர்ட்ஸ்கபிர்க மலைப்பகுதியில் வழங்கும் பாபின்களில் நூலின்மேல் மர உறை ஒன்று நிரந்தரமாகவே மூடியிருக்கும். அது நூலை அழுக்கிலிருந்து காக்கிறது. ஸ்ட்ரா அதற்கு ஓர் ஏழை மாற்று. கீறிய விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய நூலை அது அறுக்கும் என்பதால், விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அறிகுறி: வேலை நடந்துகொண்டிருக்கும் தலையணையில் பாபின்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன

எல்லாருக்கும் நேர்வது இதுதான். தலையணைமேல் ஒரு துணியைப் போர்த்தி, சுற்றிலும் குண்டூசி குத்தினால் போதும் என்ற நம்பிக்கைதான் இதன் வேர். போர்வை பாபின்களை மேலிருந்து அழுத்துமே தவிர, பக்கவாட்டில் உருள்வதைத் தடுக்காது. உருண்ட பாபின் அடுத்ததன் நூலுக்கு அடியில் புகுந்துவிட்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு குலுக்கலும் ஒரு பின்னலாகும்.

கிளம்புவதற்கு முன் வேலையை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலிருந்தே பாதுகாப்பு தொடங்குகிறது. ஒரு வரிசையை முழுமையாக முடித்து, ஓரத்து ஊசியைக் குத்தி, அந்த ஊசியைச் சுற்றிப் பின்னலை மூடிய பிறகே நிறுத்துங்கள். நடுவழியில் நிறுத்தினால், குறுக்கே ஓடும் ஜோடி எதுவரை வந்தது என்பதற்கான அடையாளம் இழுவை மட்டுமே. பயணத்தில் அதுவும் போய்விடும். அடுத்து, எல்லா நூல்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். லேஸிலிருந்து பாபின் தலைவரை ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். நீளம் சீராக இல்லாவிட்டால், கட்டை இழுக்கும்போது குட்டை நூல்கள் மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். நீண்டவை தொய்ந்து சுருளும்.

இனிப் பாபின்களைக் கட்டாக்க வேண்டும். ஒரு கட்டுக்கு ஆறு ஜோடி, அதாவது பன்னிரண்டு பாபின்கள் என்பது கைக்கு அடங்கும் அளவு. முப்பது ஜோடி வேலைக்கு ஐந்து கட்டுகள். மணிவளையம் உள்ள பாபின்களுக்கு வேலை எளிது. கம்பளி பின்னுகிறவர்கள் கண்ணிகளை நிறுத்தி வைக்கப் பயன்படுத்தும், பெரிய ஊக்கைப் போன்ற நீண்ட கம்பி கடைகளில் கிடைக்கிறது. பாபின்கள் கிடக்கும் வரிசை மாறாமல் வளையங்களின் வழியே அதைச் செலுத்திப் பூட்டிவிட்டால், பன்னிரண்டும் சாவிக்கொத்துபோல் ஒன்றாகிவிடும். சேலைக்குக் குத்தும் பெரிய ஊக்கு இருந்தாலும் போதும். ஆனால் அதன் சுருள் முனையில் மணிகள் போய்ச் செருகிக்கொள்ளும் என்பதால், முதல் பாபினைச் சுருளிலிருந்து சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும்.

ஹோனிட்டன், பெல்ஜிய வகைகளில் இந்த உபாயம் செல்லாது, கோக்க வளையமே இல்லை. அவற்றுக்கு மூன்று விரல் அகலமுள்ள காடாத் துணிப் பட்டை ஒன்றை எடுத்து, முதல் பாபினின் தண்டுக்கு மேலாகவும் இரண்டாவதற்குக் கீழாகவும் மாறிமாறிச் செலுத்தி, பாய் முடைவதுபோல் கடைசிவரை கொண்டுபோய், திரும்பும்போது மேல்கீழை மாற்றி வர வேண்டும். ஒவ்வொரு பாபினும் துணியால் நெய்த தனித்தனி அறைக்குள் நிற்கும். பட்டையின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தினால் கட்டு தயார். ஐஸ்கிரீம் குச்சிகள் இரண்டை மேலும் கீழும் வைத்து முனைகளில் ரப்பர் பேண்ட் போடும் வழக்கமும் உண்டு. வகுப்புக்குப் போய் மாலையில் திரும்பும் பயணத்துக்கு அது பரவாயில்லை. அதற்கு மேல் ரப்பர் வேண்டாம் என்பதற்கான காரணத்தைக் கறை பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

கட்டுப் போடுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. கட்டைத் தலையணைமேல் சும்மா கிடத்தினால் அது மொத்தமாக முன்னும் பின்னும் நகரும்; பன்னிரண்டு நூல்களும் ஒன்றாகத் தொய்ந்து, ஒன்றாகச் சுண்டும். கட்டை லேஸிலிருந்து விலக்கி, நூல்கள் நேராகும் வரை மட்டும் இழுத்து, அந்த நிலையில் கம்பியின் அல்லது துணிப் பட்டையின் இரு முனைகளிலும் தடித்த ஊசிகளைத் தலையணைக்குள் ஆழக் குத்தி நிறுத்துங்கள். பாபின்களின் எடை கொடுத்துவந்த இழுவையை இப்போது அந்த இரண்டு ஊசிகள் கொடுக்கின்றன. நூல் வீணைத் தந்திபோல் விறைக்க வேண்டியதில்லை. தொய்வில்லாமல் இருந்தால் போதும். மிகையாக இழுத்தால் கடைசி வரிசை ஊசிகள் சாய்ந்துவிடும்.

கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அடங்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு துணி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் துணிக்கு மல் துணியைவிடக் காடாவே நல்லது. மல் மென்மையானதுதான், ஆனால் அதன் இழை தளர்ந்திருப்பதால் பாபின் தலைகள் அதில் மாட்டிக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணியைப் போர்த்தி, அதை அடியிலும் மடித்துக் குத்திவிட்டு, கடைசியாகத் தலையணை முழுவதையும் அகலத் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். தேங்காய்ப்பூத் துண்டை மட்டும் பாபின்களின் அருகே கொண்டுவராதீர்கள். அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு கொக்கி.

உருளைத் தலையணையில் பின்னுகிறவர்களுக்கு இதில் சிறு மாற்றம் உண்டு. ஸ்லோவேனியாவின் இத்ரியா நகரில் 1876 முதல் லேஸ் பள்ளி நடக்கிறது. அந்நாட்டின் பாபின் லேஸ் கலை 2018இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே உருளைத் தலையணையைக் கூடையில் கிடத்தி, பாபின்கள் முன்பக்கம் தொங்கும்படி வேலை செய்கிறார்கள். இழுவை முழுவதும் தொங்குவதாலேயே கிடைப்பதால், உருளையைக் கூடையிலிருந்து எடுத்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்துவிடும். கட்டுகளைப் போட்டு, உருளையின் வளைவை ஒட்டி மேல்நோக்கி மடித்துச் சுற்றாமல், நூல் போகும் திசையிலேயே கீழ்நோக்கி வளைத்து, ஒரு நீண்ட துணியால் உருளையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிய பிறகே கூடையிலிருந்து தூக்க வேண்டும்.

அறிகுறி: சிக்கல் இல்லை, ஆனால் வரிசை மாறிவிட்டது

பாபின்கள் சுத்தமாகக் கிடக்கின்றன. ஆனால் குறுக்கே ஓட வேண்டிய ஜோடி எது, நெடுக நிற்க வேண்டிய ஜோடி எது என்று தெரியவில்லை. கட்டிலிருந்து ஒரு பாபின் நழுவி விழுந்து, எடுத்தவர் அதைக் கைக்கு வந்த இடத்தில் செருகியிருப்பார். கட்டும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது மலிவான காப்பீடு. குறுக்கே ஓடும் ஜோடியின் தண்டுகளில் சிவப்பு நூலை ஒரு முடிச்சாகக் கட்டிவிடுவதும், பூவின் விளிம்பைக் காட்ட ஓடும் தடிநூல் பாபின்களைத் தனிக் கட்டாக வைப்பதும் என் வழக்கம். கட்டுகளுக்கு இடமிருந்து வலமாக எண்ணிட்ட சீட்டைக் குத்திவிடுங்கள்.

ஒரே மாதிரியான அறுபது பாபின்களை வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். பழைய ஆங்கிலப் பாபின்களில் மணிகளின் நிறமும், தண்டில் பொறித்த எழுத்தும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. ஒன்றில் காதலன் பெயர், மற்றொன்றில் பிறந்த ஆண்டு, இன்னொன்றில் 1860இல் பெட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்பவனின் பெயர்கூட உண்டு. தூக்குத் தண்டனையின் நினைவாகப் பாபின் விற்ற காலம் அது. அந்தப் பாபின் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பின்னுகிறவர் மறந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஜோடிக்கு ஒரு மணி நிறம் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

அறிகுறி: பாபின்கள் சரி, லேஸின் ஓரம் தளர்ந்து, கண்ணிகள் பெரிதாகிவிட்டன

இதில் குற்றம் குண்டூசிகளுடையது. நீட்டிக்கொண்டிருக்கும் ஊசித் தலைகளைப் போர்வை அழுத்தும்போது அவை சாய்கின்றன. சாய்ந்த ஊசியைச் சுற்றிய நூல் தளர்கிறது. நன்கு பின்னி முடிந்த பகுதியின் ஊசிகளைத் தலைவரை உள்ளே அமுக்கிவிடுங்கள். கடைசியாகப் பின்னிய மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ள ஊசிகளை மட்டும் பாதி உயரத்தில் விட்டு, அவற்றின் இரு பக்கமும் இரண்டு சிறிய மரக்கட்டைகளையோ மடித்த அட்டையையோ வைத்துவிட்டால், போர்வையின் பாரம் அவற்றின்மேல் இறங்கும், ஊசிகளைத் தொடாது. தலையணையை எப்போதும் படுக்கைவசமாகவே கொண்டுபோக வேண்டும். பேருந்தில் இருக்கைக்கும் காலுக்கும் நடுவே நிறுத்தி வைக்கத் தோன்றும். மடியில் வைத்துக்கொள்வதே நல்லது.

தளர்ந்தது தளர்ந்துவிட்டதென்றால், நூலை வெளியிலிருந்து இழுத்து இறுக்க முயலாதீர்கள். சாய்ந்த ஊசியை அதே துளையில் நிமிர்த்தி, அந்த வரிசையின் பாபின்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எடையே பாதியைச் சரிசெய்துவிடும்.

அறிகுறி: பெட்டியில் இருந்த பாபின்கள் ஜோடி பிரிந்து, மணிகள் சிக்கிக் கிடக்கின்றன

ஜியோமெட்ரி பாக்ஸிலும் பிஸ்கட் டப்பாவிலும் போட்டுவைத்தால் இதுதான் நேரும். இதற்குச் சுருட்டும் துணியுறையே தீர்வு, கரண்டி முள்கரண்டிகளை அறை அறையாகச் செருகிச் சுருட்டி வைக்கும் துணியைப் போன்றது. தைக்கத் தெரிந்தவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். மணிவளையம் நீங்கலாகப் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆங்கிலப் பாபினுக்கு அளவு சொல்கிறேன். ஜோடிக்கு மூன்று சென்டிமீட்டர் அகல அறை; இருபத்துநான்கு ஜோடிக்கு எழுபத்திரண்டு; இரு பக்கமும் நான்கு நான்கு சென்டிமீட்டர் விட்டால் துணியின் நீளம் எண்பது. உயரத்தில், அடியிலிருந்து மேலே மடித்துத் தைக்கும் அறைக்கு ஏழு, பாபினும் வளையமும் நிற்க முதுகுப்புறம் பதினாறு, மேலிருந்து கீழே மூடும் மடிப்புக்குப் பத்து, ஓரத் தையலுக்கு மூன்று, ஆக முப்பத்தாறு சென்டிமீட்டர். மேல்மடிப்பு இல்லாத உறையைக் கவிழ்த்தால் பாபின்கள் கொட்டிவிடும்; எனவே அதைச் சேமிக்க எண்ண வேண்டாம். மூடுவதற்கு நாடா தையுங்கள். வெல்குரோவின் கரடான பக்கம் நூலைக் கண்டவுடன் பிடித்துக்கொள்ளும்.

நூல் சுற்றிய ஜோடியைத் தலை கீழாகச் செருகுவதா, மேலாகவா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் தலையைக் கீழே வைக்கும் கட்சி. ஒரே நூலின் இரு முனைகள்தான் ஒரு ஜோடி. இரண்டையும் இணைக்கும் நூலைப் பத்து சென்டிமீட்டர் மிஞ்சும்வரை சுற்றிக்கொண்டு தலைகளை அறைக்குள் இறக்கினால், அந்த இணைப்பு நூல் அறைக்குள்ளேயே அடங்கிவிடும். பக்கத்து ஜோடியில் மாட்டாது. மணிவளையங்கள் வெளியே தெரிவதால் அடையாளமும் கிடைக்கும். உறையைச் சுருட்டும்போது வளையங்களின் வரிசைக்கும் மேல்மடிப்புக்கும் இடையே ஒரு மெல்லிய துணியை வைத்தால் மணிகள் ஒன்றோடொன்று உரசாது.

அறிகுறி: மணிவளையம் அறுந்தது, அல்லது கழுத்து முறிந்தது

வளையத்தின் பித்தளைக் கம்பி, தண்டில் இட்ட துளையின் விளிம்பில் தேய்ந்து அறுகிறது. பொதியும் முன் ஒவ்வொரு வளையத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, கம்பி மெலிந்ததைத் தனியே எடுத்து மாற்றிவிடுங்கள். மணிகள் சிதறிய பிறகு அவற்றை அதே வரிசையில் கோப்பது அரிது. கழுத்து முறிவது, பெரும்பாலும், பொதிந்த பையின்மேல் வேறொரு பையை வைப்பதால். மெல்லிய உறைக்கு வெளியே ஒரு கடினமான பெட்டி வேண்டும். எலும்பில் கடைந்த பழைய பாபின்களை மரப் பாபின்களோடு ஒரே அறையில் வைக்காதீர்கள்.

அறிகுறி: நூலில் மஞ்சள், பழுப்பு, பச்சைக் கறைகள்; மரத்தில் பூசணம்

கறையின் நிறமே காரணத்தைச் சொல்லும். பழுப்பான, ஊசித் துளையைச் சுற்றிய புள்ளி என்றால் எஃகு ஊசி துருப்பிடித்திருக்கிறது. நாள்கணக்கில் தலையணையில் நிற்கும் வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகு ஊசியோ பித்தளை ஊசியோதான் ஏற்றது. பச்சை என்றால் பித்தளையில் ஈரம் ஏறியிருக்கிறது. மணிவளையத்தின் கம்பி நூலைத் தொட்ட இடத்தில் இது தோன்றும். பிசுபிசுப்பான மஞ்சள் பட்டை என்றால் ரப்பர் பேண்ட் இருந்த இடம் அது. ரப்பர் வெப்பத்தில் உருகி நூலிலும் மரத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் உலோகத்தையும் கறுக்க வைக்கும். ஒட்டுநாடாவின் பசையும் நாளடைவில் இதே வேலையைச் செய்யும்.

பூசணம் கடற்கரையின் நோய். நம் பக்கத்து லேஸ் மரபு வளர்ந்ததும் கடற்காற்றுப் படும் ஊர்களில்தான். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு இதைக் கற்பித்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் தொடங்கினார். இலங்கையில் காலி, வெலிகமப் பகுதிகளில் பீரலு என்று வழங்குவதும் இதே பாபின் லேஸ். பாபினைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குளிர்நாட்டவர் சொல்லும் சேமிப்பு முறைகளை இந்த ஊர்களில் அப்படியே பின்பற்ற முடியாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா பாதுகாப்பானது என்று அவர்கள் சொல்வார்கள். ஐப்பசி மழையில் மூடிய டப்பாவுக்குள் அடைபட்ட ஈரமே பூசணத்தை வளர்க்கும். வெயில் காயும் நாளில், நிழலில், பாபின்களைப் பரப்பி உலர்த்திய பிறகே மூட வேண்டும். டப்பாவானால் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். துணியுறையானால் அலமாரியின் சுவரோரத் தட்டைத் தவிர்த்தாலே போதும். பூசணம் வந்துவிட்டால், உலர்ந்த மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, அந்த நூலை வெட்டி எறிந்துவிடுங்கள். நூலின் விலை சிறிது. பலவீனமான நூலில் பின்னிய லேஸின் உழைப்பு பெரிது.

பொறித்த எழுத்துள்ள எலும்புப் பாபின்களைத் தண்ணீரில் கழுவாதீர்கள். எழுத்து, புள்ளி புள்ளியாகத் துளையிட்டு அதில் சிவப்போ நீலமோ நிறம் நிரப்பியது. நிறம் கரைந்து போனால் எழுத்தும் மங்கிவிடும். அந்துருண்டை போடும் வழக்கமும் வேண்டாம்; பிளாஸ்டிக் மணிகளில் சிலவற்றை அது இளக்கிவிடும்; நூலில் ஏறிய வாடையும் எளிதில் போகாது. ஊசித்துளை அட்டையை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அஞ்சினால், அட்டைகளைப் பாபின்களோடு சேர்க்காமல் தனி உறையில் வைத்து, மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

அறிகுறி: மரப் பாபினில் சிறு துளைகளும் மாவுபோன்ற பொடியும்

பொடி புதிதாகக் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். கறுப்புத் தாள்மேல் ஒரு வாரம் வைத்துப் பொடி விழாவிட்டால் அது பழைய துளை, பூச்சி போய்விட்டது. விழுந்தால், அந்தப் பாபினை உடனே மூடிய பையில் தனியே பிரித்து வைத்து, உறையைத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். அலங்காரப் பதிப்பு இல்லாத வெறும் மரப் பாபினானால், இறுக மூடிய பையில் இட்டு மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைப்பது அருங்காட்சியகங்களில் வழங்கும் முறை. ஈயக்கலவையோ எலும்போ பதித்த பாபினுக்கு இதைச் செய்தால் பதிப்பு தளரக்கூடும்.

அறிகுறி: விமான நிலையத்தில் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார்கள்

இது பாபினின் கோளாறு அன்று என்றாலும், ஒழுங்கு முழுவதும் குலைவது இங்கேதான். அறுபது மெல்லிய தண்டுகளும் ஊசிக் குவியலும் எக்ஸ்ரே திரையில் விளக்கம் கேட்க வைக்கும். பாபின்களைக் கையோடு எடுத்துப்போகும் பையில், பிரித்தவுடன் என்னவென்று விளங்கும்படி மேலாக வையுங்கள். கத்தரிக்கோலையும் உபரி ஊசிகளையும் பெரிய பெட்டியில் அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும் தலையணையை விமானத்தில் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. சிறிய வேலை ஒன்றை அங்கே போய்த் தொடங்கலாம். பழைய பாபின்களில் எலும்பே அதிகம் என்றாலும், தந்தம் என்று ஐயம் இருப்பதை எல்லை கடத்த வேண்டாம். தந்தத்தை அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது குற்றம்.

அறிகுறி: எல்லாம் ஏற்கெனவே சிக்கிவிட்டது

கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தலையணையைச் சரிவாக, பாபின்கள் உங்களை நோக்கித் தொங்கும்படி நிறுத்துங்கள். எடை தன் வேலையைப் பார்க்கட்டும். சிக்கலின் நடுவில் கை வைக்காமல், ஓரத்தில் தனியே தொங்கும் பாபின் ஒன்றைப் பிடித்து, அதன் நூல் லேஸில் சேரும் இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கண்ணால் மட்டும் பின்தொடருங்கள். அது எதன் அடியில் போகிறதோ அந்தப் பாபினைத் தூக்கி நகர்த்த வேண்டும். சிக்கிய பாபினை இழுக்கக் கூடாது. விடுபட்ட ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் கிடத்தி, ஜோடிக்கு ஜோடி நடுவே ஓர் ஊசியைக் குத்திப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடுபட்டது மறுபடியும் குவியலுக்குள் உருண்டு போகும். கழன்ற சுருக்குகளை உடனுக்குடன் போடுங்கள்.

ஒரு நூல் அறுந்தே போனால், லேஸுக்குள் முடிச்சுப் போடாமல், புதிய நூல் சுற்றிய பாபினை அதன் அருகே ஓர் ஊசியில் தொங்கவிட்டு, பழைய நூலின் மிச்சத்தோடு சேர்த்துச் சில வரிசைகள் இரட்டையாகப் பின்னிய பின் பழையதை விட்டுவிடலாம். இரட்டிப்பு தெரியாத அடர்ந்த பகுதி வரும்வரை பொறுத்துச் செய்ய முடிந்தால் நல்லது. வலைபோன்ற மெல்லிய பகுதியில் அது கண்ணில் படும். எல்லா ஜோடிகளும் அவற்றின் இடத்தில் தொங்கி, எடுத்து வைத்த படத்தோடு வரிசையும் ஒத்துப்போன பிறகு, பிரிக்கக் குத்திய ஊசிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, நிறுத்திய வரிசையிலிருந்து பின்னத் தொடங்கலாம்.